பூஜ்யத்திலிருந்து யாரும் ஆரம்பிப்பதில்லை

“கையில் பத்துப் பைசா இல்லாமல் ஆரம்பித்தார், இன்றைக்குப் பல கோடிக்கு அதிபதி” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். கதை பொய் என்று சொல்ல வரவில்லை. ஆள் உண்மை, வளர்ச்சி உண்மை, பட்ட கஷ்டமும் உண்மை. ஆனால் அந்தப் பத்துப் பைசா சமாச்சாரத்தைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், பணம் இல்லாத இடத்தில் வேறு ஏதோ ஒன்று இருந்திருப்பது தெரியும். ஒருத்தருக்குக் கைத்தொழில், ஒருத்தருக்குக் குடும்பத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வியாபாரம், இன்னொருத்தருக்கு நாலு கடைக்காரர்களின் பழக்கம். எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், விட்டால்தான் கதைக்குக் கிக் வரும். புதிதாக எதையாவது ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிற ஆளுக்கோ, விட்டுப்போன அந்தப் பகுதிதான் தேவை.

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளுக்கு நடுவிலேயே வளர்ந்து அதிலேயே பிழைக்கிறவன் நான். அதனாலோ என்னவோ, சொந்தக்காரப் பையன்கள், நண்பர்களின் தம்பிமார், தங்கையின் தோழிகள் என்று யாராவது வந்து, “ண்ணா, ஒரு சூப்பர் ஐடியா இருக்குங்ண்ணா, ஆனா கையில காசு இல்ல, அந்தத் தொழிலும் தெரியாது, என்ன பண்றது?” என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து பேசி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். அருணாசலம் முருகானந்தம். பெண்களுக்கான குறைந்த விலை சானிட்டரி நாப்கின் செய்யும் மெஷின், 2016-ல் பத்மஸ்ரீ, அவர் வாழ்க்கையை வைத்து இந்தியில் படமே வந்தாயிற்று. 1998-ல் கல்யாணம் ஆகி, மனைவி பழைய துணியை ஒளித்து எடுத்துப்போவதைப் பார்த்ததில் ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்க யாரும் முன்வராததால் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே உடம்பில் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியது. ஊர் ஒரு மாதிரி பேசியது. மனைவி பிரிந்துபோய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பியது. இதெல்லாம் எல்லோரும் சொல்கிற பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று.

அவருக்குத் தெரியாமல் இருந்தது உண்மையில் ஒரே ஒரு விஷயம்தான். கம்பெனி நாப்கினுக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பொருள் என்ன? பஞ்சு என்றுதான் நினைத்தார், பஞ்சில் செய்தது எதுவும் வேலைக்கு ஆகவில்லை. அது மரத்திலிருந்து எடுக்கிற செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, ஒரு கல்லூரிப் பேராசிரியரின் உதவியோடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார், போன் செலவு மட்டும் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் ஆனதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டுதான் மாதிரியையே வரவழைத்தார். வந்தது கெட்டியான பலகை. அதைப் பஞ்சாக உடைக்கிற வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்கில் விலை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் “சரி, நமக்கு இது ஆகாது” என்று எழுந்துபோயிருப்பார்கள். அவர் போகாததற்கு மன உறுதி காரணம் என்று மேடையில் சொல்வார்கள், அது இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர் பட்டறையில் வெல்டிங் அடித்துப் பழகியவர். ஒரு மெஷினைப் பார்த்தால் அதற்குள்ளே நடக்கிற காரியம் என்ன என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். பலகையை அரைத்துப் பிரிக்கணும், அதற்கு மிக்சி மாதிரி ஒன்று போதும். அச்சில் வைத்து அழுத்தணும். மேலே மெல்லிய துணி சுற்றி ஒட்டணும். புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கணும். தனித்தனியாகப் பார்த்தால் நம்மூர்ப் பட்டறையில் செய்ய முடியாதது இதில் ஒன்றுகூட இல்லை. அப்படியும் அந்த மெஷின் உருவாக இன்னும் சில வருஷங்கள் போயின என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் அவர் செய்தார், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாப்கின் கம்பெனி ஆரம்பித்து டிவியில் விளம்பரம் போடுகிற வழியில் அவர் போகவில்லை. மெஷினைச் செய்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். விற்பனை, விநியோகம், கிராமத்துப் பெண்களிடம் கூச்சமில்லாமல் பேசுவது என்று அவரால் முடியாத பாதியை முடிந்தவர்களிடம் விட்டுவிட்டார். பணம் இல்லாதவனுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து, ஷாம்பூ விற்று வளர்ந்த கவின்கேர் கம்பெனியின் ரங்கநாதன். குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 15,000 ரூபாயோடு 1983-ல் கடலூரில் ஆரம்பித்தவர். மாதம் 250 ரூபாய் வாடகையில் ஒரு வீடு, அதுவே ஆபீஸ். ஷாம்பூ பாக்கெட் போடும் மெஷின் விலை 3,000. கேட்கும்போது நம்மாலும் முடியும் போல இருக்கும். ஆனால் அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன், ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்பதில் முன்னோடி. ஷாம்பூ எப்படிச் செய்கிறார்கள், பாக்கெட் எப்படிப் போடுகிறார்கள், கடைக்காரர் எதற்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்திருக்கும். 15,000 ரூபாயை விட அதற்கு மதிப்பு அதிகம்.

அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வங்கிக் கடன் கிடைத்த விதம். அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் முதல் கடனுக்கே மூன்று வருஷம் அலைந்தவர். கடைசியில் ஒரு வங்கி மேலாளர், இவரிடம் அடமானம் இல்லை, ஆனால் மற்ற சிறுதொழில்காரர்கள் மாதிரி இல்லாமல் இந்தக் கம்பெனி வருமான வரி கட்டுகிறது என்று எழுதிப் பரிந்துரைத்தாராம். நம்மில் எத்தனை பேர் ஆரம்பத்திலேயே கணக்குக் காட்டுகிறோம்? “முதல்ல சம்பாதிப்போம், வரியை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கறுப்பிலேயே நாலு வருஷம் ஓட்டிவிட்டு, பிறகு வங்கியில் போய் “என் வியாபாரம் நல்லா போகுது சார்” என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்.

மும்பையில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் போட ஆரம்பித்து லிஜ்ஜத் என்கிற பெரிய அப்பள நிறுவனம் ஆனதும் இதே வகைதான். 80 ரூபாய் பெரிதாகப் பேசப்படும். அந்த ஏழு பேருக்கும் அப்பளம் இடத் தெரியும், அதைக் கடையில் வைத்து விற்கத் தெரிந்த வியாபாரி ஒருத்தர் இருந்தார். வேறென்ன வேண்டும்?

ஆகவே யாராவது காசும் இல்லை, தொழிலும் தெரியாது என்று வந்தால் நான் முதலில் கேட்பது, “உன்கிட்ட என்ன இருக்கு?” என்பதைத்தான். பெரும்பாலானவர்கள் “ஒண்ணுமே இல்லண்ணா” என்பார்கள், பத்து நிமிஷம் பேசினால் ஏதாவது வரும். வரவே இல்லை என்றால் ஐடியாவை மாற்றச் சொல்வேன், கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி, “என்ன தெரியாது?” தொழில் தெரியாது என்பது பதிலே இல்லை. அதில் எந்த இடம் தெரியாது? பொருள் செய்யத் தெரியாதா, கெடாமல் வைக்கத் தெரியாதா, விலை போடத் தெரியாதா, யாரிடம் விற்பது என்று தெரியாதா? இதைத் துண்டு துண்டாக எழுதினாலே முக்கால்வாசி அடைபடும், மிச்சம் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். காசு இல்லை என்பதும் அப்படித்தான். எவ்வளவு இல்லை? எதற்கு? இதற்குப் பதில் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐந்து லட்சம் வேண்டும் என்பார்கள், எதற்கு என்று பிரிக்கச் சொன்னால் மூன்று லட்சம் மெஷினுக்குப் போகும், ஒரு லட்சம் கடைக்கு அட்வான்ஸ், மிச்சம் போர்டு, லோகோ, விசிட்டிங் கார்டு. ஒரு பாக்கெட் விற்றிருக்க மாட்டார்கள்.

மெஷின் விஷயத்தில் கோயமுத்தூர், திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, இருந்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பூரில் ஒரு ஊசிகூடச் சொந்தமாக இல்லாமல் ஒருத்தர் பனியன் செய்து விற்க முடியும். நூல் வாங்கி நிட்டிங்கில் கொடுக்கலாம், அங்கிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அமுக்குவது), கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து தருவது. கோயமுத்தூரில் பம்பு, கிரைண்டர் பாகங்களும் அப்படித்தான். வார்ப்புக்கான பேட்டர்ன் ஓர் இடம், வார்ப்படம் ஓர் இடம், கடைசல் ஓர் இடம், பவுடர் கோட்டிங் வேறோர் இடம். இந்த ஊர்களில் இத்தனை பேர் முதலாளி ஆனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மிச்சமாவது மெஷின் வாங்கும் பணம் மட்டுமில்லை, அந்த மெஷினை ஓட்டுகிற ஆளின் முப்பது வருஷ அனுபவத்தையும் கிலோவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். “இந்தத் தடிமன்ல போட்டா கழுவினதும் சுருங்கிடும் தம்பி” என்று அவர் போகிற போக்கில் சொல்வதைக் காசு கொடுத்துப் படிக்க எந்தக் கல்லூரியும் இல்லை.

சரி, என் தங்கை கதைக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சொற்ப நிலம், ஒரு பக்கம் பால் வியாபாரம். அவளுடைய யோசனை, அரிசிம்பருப்பு மிக்ஸ். கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துத் தாளித்து ஒரே பானையில் வேகவைக்கிற சாதம், ராத்திரி சமைக்கச் சோம்பலாக இருந்தால் எங்கள் வீடுகளில் அதுதான். சென்னையிலும் ஓசூரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்கிறார்கள், அதை அப்படியே பாக்கெட்டாக்கி, தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைத்தால் போதும் என்கிற மாதிரி கொடுத்தால் என்ன என்றாள்.

அவளிடம் இருந்தது: கைப்பக்குவம், அளவு. அவள் மாமியாரிடம் கற்றுக்கொண்டது, எத்தனை பேருக்குச் சமைத்தாலும் சுவை மாறாது. சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழிகள் நிறைய. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மதியம் வரை நேரம். இல்லாதது: பணம். தெரியாதது எழுதிப் பார்த்ததில் இரண்டுதான் வந்தது. பாக்கெட்டுக்குள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், என்ன விலைக்கு விற்க வேண்டும்.

முதலில் தோழிகளுக்குச் சும்மா கொடுத்தாள். எல்லோரும் “செமயா இருக்குடி” என்றார்கள். சும்மா கொடுத்தால் அப்படித்தான் சொல்வார்கள், அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அப்புறம் முன்பணம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும்தான் என்று வாட்ஸ்அப்பில் போட்டாள். செம என்றவர்களில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். பணம் அனுப்பின பாதிப் பேர்தான் உப்பு தூக்கல், ஒரு பாக்கெட் இரண்டு பேருக்குப் பத்தவில்லை, குக்கரில் எத்தனை விசில் என்று அட்டையில் போடுங்கள் என்றெல்லாம் உருப்படியாகச் சொன்னார்கள். காசு கொடுத்தவனுக்குத்தான் வாய் திறக்கும். அந்த முன்பணத்தில்தான் அரிசி பருப்பே வாங்கினாள் என்பது இதில் இன்னும் முக்கியமான சங்கதி. முதலீடு என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை, கையால் அழுத்தும் சீலர் ஒன்றைத் தவிர, அது இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

கெடுவதுதான் பெரிய தலைவலி. வீட்டில் செய்வது போலத் தாளித்துப் போட்டால் எண்ணெய் கொஞ்ச நாளில் காறல் வாடை அடிக்கும். தேங்காய் போட்டால் இன்னும் சீக்கிரம். சின்ன வெங்காயத்தை என்னதான் காயவைத்தாலும் ஈரம் முழுசாகப் போகாது, அந்த ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். இதுபோக வண்டு. கடையில் வாங்கும்போது சுத்தமாக இருக்கும் அரிசிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் முட்டை இருக்கும், பாக்கெட் போட்டு ஒரு மாதம் கழித்துப் பொரித்து வெளியே வரும். வாங்கினவர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டால் அதோடு கடையைச் சாத்த வேண்டியதுதான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உணவைப் பதப்படுத்துவது, மதிப்புக்கூட்டுவது பற்றிக் கட்டணத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். அதில் ஒன்றுக்குப் போனாள். பாடத்தை விட இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே கேட்ட கேள்விகளால் அதிகப் பிரயோஜனம் என்று சொன்னாள். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது, அங்கே இருக்கிற மெஷின்களைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ, உணவுத் தொழில்நுட்பங்களைத் தொழில்முனைவோருக்கு உரிமக் கட்டணத்துக்குத் தருகிறது. நம் வரிப் பணத்தில் ஓடுகிற இடங்கள்தான், வாசல் திறந்துதான் இருக்கிறது. வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போகக் கூச்சப்படுகிறோம்.

கடைசியில் தீர்வு சப்பென்று இருந்தது. எண்ணெய், வெங்காயம், தேங்காய் மூன்றையும் பாக்கெட்டிலிருந்து தூக்கிவிடுவது. அரிசி, லேசாக வறுத்த பருப்பு, சீரகம், மஞ்சள், மிளகாய், உலர்ந்த பூண்டு, கறிவேப்பிலை மட்டும் உள்ளே. எண்ணெயும் வெங்காயமும் வாங்குகிறவர் பாடு. “அப்போ ரெடி மிக்ஸ்னு எப்படிச் சொல்றது?” என்று அவளுக்கு மனசே ஆறவில்லை, ஆனால் வாங்கினவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, புதுசாக வெங்காயம் வதக்கிப் போடுவதால் வீட்டு வாசனை வருகிறது என்றுதான் சொன்னார்கள். வண்டு முட்டைக்குச் சூடு காட்ட வேண்டும், அதற்கு டிரையர் என்கிற உலர்த்தும் மெஷின் வேண்டும். பக்கத்து ஊரில் சத்துமாவு தயாரிக்கிற ஒருவரிடம் டிரையர் இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தாயிற்று. எந்த அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அட்டைப் பெட்டி, அச்சடித்த கவர் எல்லாம் ஆசைதான். அச்சடித்த கவர் என்றால் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்தில் அளவையோ விலையையோ மாற்றினால் அத்தனையும் குப்பை. அதனால் வெற்றுக் கவர், மேலே ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் வர வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கான அந்த அடிப்படைப் பதிவுக்கு அவள் கட்டின அரசுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். பிரவுசிங் சென்டரில் இதற்கே 2,500 கேட்டார்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடிந்துவிடும், அதற்கும் ஆயிரம் ரெண்டாயிரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: பொருள் விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைதான், வரி உள்ள பொருளைப் பெங்களூருக்கு அனுப்பினால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். இது தெரிந்ததும் பெங்களூர்த் தோழிகளை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தாள், ஓசூரோடு நிறுத்திக்கொண்டாள்.

விலைக்கு வருவோம். 250 கிராம் பாக்கெட்டுக்கு அடக்கம் 38 ரூபாய் வந்தது, 60-க்கு விற்கலாம் என்றாள். அந்த 38-ல் அவள் கூலி இல்லை. புடைத்து, வறுத்து, எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, கூரியர் ஆபீஸுக்கு ஸ்கூட்டியில் போய்வருகிற வேலைக்கு வேறு ஆளைப் போட்டால் என்ன கொடுப்போமோ அதை எழுது என்றேன், அடக்கம் ஐம்பதைத் தாண்டியது. வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியை எழுதுவதே இல்லை, நாளைக்கு உதவிக்கு ஒரு ஆள் வைக்க வேண்டி வரும்போதுதான் லாபமே இல்லை என்று தெரிகிறது. இப்போது விலை 90. கூரியர் செலவு பாக்கெட் விலையில் பாதிக்கு மேல் போவதால் ஐந்து பாக்கெட்டுக்குக் குறைந்து அனுப்புவதில்லை.

கடைகளில் போடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கடைக்காரர் கமிஷன் கேட்பது நியாயம், அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் பணம் விற்ற பிறகுதான், அதுவும் ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்து. கையில் காசு இல்லாதவர் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது, கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது மாதிரி. ஆர்டர் கூடக் கூடத் தட்டுப்பாடும் கூடும். வியாபாரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னத் தொழில்கள் மூடப்படுவதை எங்கள் பட்டறை வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன், பெரிய கம்பெனி ஆர்டர் கிடைத்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்தவர்கள்தான் அவர்கள், பில் பாஸ் ஆகாமல் வட்டி கட்டியே போனார்கள். அதனால் முன்பணம் தருகிற வாடிக்கையாளர் இருக்கும் வரை அவர்களை விடாதே என்றுதான் தங்கையிடம் சொல்லி வருகிறேன்.

கடனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது, அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி, ஆரம்பநிலைக்கான சிஷு பிரிவில் 50,000 வரை. பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், மானியத்தோடு வங்கிக் கடன்) என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம், பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பில் 10 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் கைப்பணம் போட வேண்டும். மானியம் உண்டு என்றதும் அது கையில் வரும் என்று நினைக்கிறார்கள், வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருஷம் இருந்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகு கடனில் கழியும். ஆகவே மானியத்துக்காகத் தொழில் ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். “லோன் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் கொடுங்க” என்று வருகிற ஆட்களிடமும் ஜாக்கிரதை. வங்கியில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப் போவது, ஆறு மாதமாக உங்கள் கணக்கில் என்ன வந்தது, என்ன போனது என்பதைத்தான். ஜிபேயில் வருகிற முன்பணம் ஒவ்வொன்றும் அங்கே சாட்சி சொல்லும். நகைக்கடன் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கைகண்ட மருந்து, ஆர்டர் உறுதியாகிச் சரக்கு வாங்க என்றால் சரி, மெஷின் வாங்க நகையை வைக்காதீர்கள். சரக்கு ஒரு மாதத்தில் காசாகிவிடும், மெஷின் ஆகாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஐடியாவைச் சொல்லவே மாட்டார்கள். “சொன்னா திருடிடுவாங்கண்ணா.” சொல்லாமலே எப்படி யோசனை கேட்பது என்று எனக்குப் புரிவதில்லை. வெறும் யோசனைக்குக் காப்புரிமையும் கிடையாது, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கக்கூடிய கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தால், தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தனிநபர் இணையத்தில் 1,600 ரூபாய்க்குப் போட்டுவைக்கலாம், முழு விண்ணப்பம் போட 12 மாதம் அவகாசம் இருக்கிறது. மற்றபடி அரிசிம்பருப்பு மிக்ஸை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம், அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். இதற்கு நேர் எதிர்க் கோஷ்டி, ஐடியா என்னுடையது, ஆப் நீ செய், ஆளுக்குப் பாதி என்கிறவர்கள். இரண்டு வருஷம் ராத்திரி முழிக்கப் போகிறவனுக்கும் ஒரு சாயங்காலம் டீக்கடையில் யோசித்தவனுக்கும் சரிபாதியா? தொழில் தெரிந்த ஆளைக் கூட்டுச் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் நீங்கள் வாடிக்கையாளரையாவது பிடித்துவைத்திருக்க வேண்டும். இருபது பேர் பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஆப் எழுதத் தெரிந்தவன் பேசுகிற விதமே மாறும்.

தங்கைக்கு இப்போது ஈரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நல்ல ஷெல்ஃப் தருகிறார்களாம், பணம் அறுபது நாள் கழித்து. மாப்பிள்ளைக்கு அதில் விருப்பம், பெயர் தெரியும் என்கிறார், அதுவும் தப்பில்லை. அவள் பாதிச் சரக்குக்காவது கையில் காசு கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. சொந்தமாக டிரையர் வாங்குவதற்கும் விலைப்பட்டியல்கள் வாங்கிவைத்திருக்கிறாள். சத்துமாவுக்காரருக்கு மாதாமாதம் கொடுக்கிற கூலியும் டிரையருக்கு வரும் தவணையும் இன்னும் கிட்டத்தில் வரவில்லை, அதோடு ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் பாக்கெட் எப்படித் தாங்குகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று இருக்கிறாள். மார்கழியில் எப்படி வந்தது என்று எழுதுகிறேன்.